கலங்கல் நீரில் காது

மலேசியாவின் கிளந்தான், திரங்கானு கரைகளில் மலாய் மீனவர்களிடையே 'ஜுரு செலாம்' என்றொரு பொறுப்பு உண்டு. படகிலேயே அனுபவம் மிகுந்த ஆள் அவர். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்துவார். மீன் கூட்டம் எந்தப் பக்கம், என்ன மீன், வலை வளைக்கும் அளவுக்குத் தேறுமா என்பதையெல்லாம் காதாலேயே கணித்துக் கை காட்டுவார். 1939-40இல் கிளந்தானில் தங்கி மீனவர் வாழ்க்கையை ஆராய்ந்த ரேமண்ட் ஃபர்த், 1946இல் வெளிவந்த தம் நூலில் இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அதற்குப் பத்து ஆண்டு கழித்து, பிரெஞ்சுக்காரர் ழாக் கூஸ்தோ கடலடியைப் படம் பிடித்து, அதற்கு 'மௌன உலகம்' என்று பொருள்படும் பெயர் சூட்டி உலகப் புகழ் பெற்றார். தலையை நனைத்த கிளந்தான்காரருக்குத் தெரிந்த விஷயம், கேமராவோடு முங்கியவருக்குத் தலைப்பு வைக்கும்போது மறந்துபோயிற்று.

கடல் மௌனமானதல்ல என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. கப்பல், படகு, துறைமுகம் கட்டும் பைலிங், தூர்வாரும் இயந்திரம், கடற்படையின் சோனார் ஆகியவற்றின் இரைச்சல் டால்பின்களை என்ன செய்கிறது என்ற கேள்விக்கு நிறைய ஆய்வுகள் குவிந்துவிட்டன. அவற்றைத் திரட்டிப் பார்த்து, நம் கிள்ளான் கரைக்கு அவை எவ்வளவு பொருந்தும் என்று சொல்வதே இந்தக் கட்டுரையின் வேலை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரைச்சல் கெடுதியா என்பது ஏறக்குறைய முடிந்துபோன வழக்கு. எவ்வளவு கெடுதி, எந்தப் படகால், எத்தனை அடி நீரில் என்பதுதான் பாக்கி. அதற்கு இதுவரை கிடைத்திருக்கும் விடைகளில் பெரும்பகுதி தெளிந்த, குளிர்ந்த, ஆழமான கடல்களிலிருந்து வந்தவை. நம் கடலோ சூடான சேற்று நீர்.

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து அந்தச் சேற்று நீருக்கு ஒரே ரயில் போதும். கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ஏறினால், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடி அசைந்து, பெலாபுஹான் கிள்ளானில் தண்டவாளம் முடிகிற இடத்தில் இறக்கிவிடும். எதிரிலேயே பூலாவ் கெத்தாம் என்ற தீவுக்கு ஃபெர்ரி ஏறும் படித்துறை. 1901இல் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்று திறக்கப்பட்டு, 1972இல் போர்ட் கிள்ளான் ஆன இடம். நம்மவர்களில் எத்தனையோ குடும்பங்களின் முதல் தலைமுறை இந்தக் கரையில் மூட்டை இறக்கியது. இன்று வடதுறை, தென்துறை, இண்டா தீவிலுள்ள வெஸ்ட்போர்ட்ஸ் என்று விரிந்து, 2023இல் 14 மில்லியன் கொள்கலன்களுக்கு மேல் கையாண்ட துறைமுகம் அது. அதற்கு அப்பால் மலாக்கா நீரிணை. ஆண்டுக்கு 80,000க்கும் மேற்பட்ட கப்பல்கள் வந்துபோகும் பாதை. கிள்ளானுக்கு வெளியே ஒன் ஃபாதம் பேங்க் அருகே நீரிணை நெருக்கமானது. மேடும் பள்ளமுமான அடித்தளத்துக்கு நடுவே, கப்பல்கள் வரிசை கட்டித்தான் போக முடியும்.

மேற்குக் கரையின் ஆற்று முகங்களிலும் சதுப்பு ஓரங்களிலும் வாழும் கடல் பாலூட்டிகளில் முக்கியமானவை மூன்று. உருண்டைத் தலை ஐராவதி டால்பின் ஒன்று. வளர வளர இளஞ்சிவப்பாக வெளுக்கும் கூன்முதுகு டால்பின் இன்னொன்று. மூன்றாவது, முதுகில் துடுப்பே இல்லாத சிறிய கடற்பன்றி. தமிழ்நாட்டுக் கரையில் 'ஓங்கில்' என்று சொல்வது பொதுவாக டால்பினைத்தான். இந்த மூன்றுக்கும் பிடித்தது கலங்கல் நீர். கையை நீட்டினால் விரல் தெரியாத நீர். அங்கே கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்ய? டால்பின் சொடுக்குப் போடுவதுபோன்ற ஒலிகளை நெற்றி வழியாக அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கீழ்த்தாடைக் கொழுப்பு வழியாக வாங்கி, இரையை, வலையை, கரையை, தன் குட்டியை அறிகிறது. 1960 வாக்கில் கென்னத் நாரிஸ் குழுவினர் ஒரு டால்பினின் கண்களை ரப்பர்க் கிண்ணத்தால் மூடிப் பார்த்தனர். அது தடைகளில் இடிக்காமல் நீந்திப்போயிற்று. இது தவிர, சீழ்க்கையும் உண்டு. குப்பி மூக்கு டால்பின்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு சீழ்க்கை வைத்திருக்கின்றன. ஏறக்குறைய பெயர் மாதிரி.

தண்ணீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடுகிறது, காற்றில் ஓடுவதைப்போல நான்கு மடங்குக்கு மேல். இங்கே ஒரு எச்சரிக்கை. 'கப்பலின் இரைச்சல் 180 டெசிபல், ஜெட் விமானத்தைவிட அதிகம்' என்று பத்திரிகைகள் எழுதுவதை அப்படியே நம்பவேண்டாம். நீரில் டெசிபல் அளக்கும் அடிப்படை அழுத்தமும் வேறு, நீரின் அடர்த்தியும் வேறு. நீர்க்கணக்கைக் காற்றுக்கணக்கோடு ஒப்பிட, தோராயமாக 62 கழிக்கவேண்டும். கழிக்காமல் பயமுறுத்துவது, ஆய்வுக்கு உதவுகிறவர்களும் செய்கிற தவறு.

முதலில் கவனத்துக்கு வந்தது சாவு. 2000 மார்ச்சில் பஹாமாஸ் கரைகளில் 17 திமிங்கில வகை உயிர்கள் ஒதுங்கின. பெரும்பாலானவை ஆழத்தில் முங்கும் அலகுத் திமிங்கிலங்கள். அமெரிக்கக் கடற்படையும் அந்நாட்டு மீன்வள அமைப்பும் சேர்ந்து எழுதிய அறிக்கையே, கடற்படைச் சோனார்தான் பெரும்பாலும் காரணம் என்று ஒப்புக்கொண்டது. 2002இல் கனேரித் தீவுகளில் ஒதுங்கிய அலகுத் திமிங்கிலங்களின் உடலைத் திறந்து பார்த்தவர்கள், முங்குநீச்சல்காரர்களுக்கு வரும் வாயுக்குமிழி நோயைப் போன்ற அடையாளங்களைக் கண்டனர். 2004இல் ஸ்பெயின் அத்தீவுகளைச் சுற்றிச் சோனார் பயிற்சியை நிறுத்தியது. அதன்பின் அப்படிக் கூட்டமாக ஒதுங்கியது அங்கே நிகழவில்லை. காரணத்தை நிறுத்திப் பார்த்து விளைவு நின்றதைக் காட்டும் சான்று இத்துறையில் அபூர்வம்.

ஆனால் ஒதுங்கிய உடல் எல்லாவற்றுக்கும் இரைச்சலைக் குற்றவாளி ஆக்கக் கூடாது. தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடு கரையில் 1973இல் 147 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. 2016 ஜனவரியில் அதே கரையோரம் மறுபடி ஏராளமானவை வந்து மணலில் கிடந்தன. இரண்டாவது முறை, சோனார், கப்பல், நிலநடுக்கம் என்று பேச்சுகள் கிளம்பின. பைலட் திமிங்கிலங்கள் தலைமையைப் பின்தொடரும் மந்தையாகத் திரியும் இனம். ஒன்று வழி தவறினால் கூட்டமே பின்னால் வரும். 1973இல் அங்கே கப்பல் போக்குவரத்து இன்றைக்குப் போல இல்லை என்பதை மறந்துவிட்டுத் தீர்ப்பு எழுதக் கூடாது.

செத்த உடல் கொஞ்சம்தான் பேசும். 1892இல் மலாக்கா கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடு சிங்கப்பூர் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் தொங்கியது. 1974இல் அது நம் தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்தது, பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்துக்கு. இப்போது லாபுவானில் இருக்கிறது. விலா எலும்பு எத்தனை என்று எண்ணலாம். அது உயிரோடிருந்தபோது என்ன கேட்டது என்பதை எலும்பிடம் கேட்க முடியாது.

ஆகவே ஆய்வு சாவிலிருந்து அன்றாடத்துக்கு நகர்ந்தது. என் பார்வையில் இத்துறையின் நல்ல ஆய்வுகள் அங்கேதான் இருக்கின்றன. 2023இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஃப்ளோரிடாவில் செய்த சோதனையைப் பாருங்கள். டெல்டா, ரீஸ் என்று இரண்டு டால்பின்கள். ஆளுக்கொரு பொத்தான். ஒரு வினாடிக்குள் இரண்டும் அழுத்தினால்தான் பரிசு மீன். ஒன்றை வேண்டுமென்றே தாமதமாக விடுவார்கள். அதனால் அவை ஒன்றையொன்று கூப்பிட்டுத்தான் ஒத்துப்போக முடியும். அமைதியான நீரில் 85 விழுக்காடு முறை ஜெயித்தன. தண்ணீருக்குள் இரைச்சலைக் கூட்டக் கூட்ட, சீழ்க்கையை நீட்டி நீட்டி, உரக்க அடித்தன. உடம்பைத் திருப்பி ஒன்றையொன்று நேராகப் பார்த்தன. இவ்வளவு முயன்றும் உச்ச இரைச்சலில் வெற்றி 62.5 விழுக்காட்டுக்கு இறங்கியது. டால்பின்கள் ஈடுகட்டத் தெரிந்தவை, ஈடுகட்டியும் போதவில்லை. இரண்டே விலங்குகள், அதுவும் பழக்கியவை என்ற குறை இருக்கிறது. ஆனாலும் திறந்த கடலில் எத்தனை ஆண்டு படகு பின்னால் ஓடினாலும் இவ்வளவு துல்லியமாகக் காரணத்தைப் பிரித்தெடுக்க முடியாது.

திறந்த கடலில் வேறு வழிகள். டென்மார்க்கில் ஏழு கடற்பன்றிகளின் முதுகில் உறிஞ்சுகிண்ணத்தால் சிறு பதிவுக் கருவி ஒட்டினார்கள். 2018இல் முடிவு வெளிவந்தது. அவற்றின் நேரத்தில் 17 முதல் 89 விழுக்காடு வரை கப்பல் இரைச்சலிலேயே கழிந்தது. இரைச்சல் ஓங்கியபோது சில, இரை தேடுவதை விட்டுவிட்டு அடித்தளத்துக்கு முங்கின, சொடுக்கொலியையே நிறுத்திவிட்டன. கண் தெரியாத ஒருவர் கைத்தடியைக் கீழே போட்டுவிட்டு நிற்பதற்குச் சமம் அது. இவை இடைவிடாமல் தின்று கொண்டேயிருக்கவேண்டிய சிறு உடம்புக்காரர்கள். போன நிமிடம் போன தீனி.

இன்னொன்று, யாரும் திட்டமிடாத சோதனை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் கப்பல் போக்குவரத்து சட்டென்று குறைந்தது. நீரடி இரைச்சல் 6 டெசிபல் இறங்கியது. அங்கே வேறொரு வேலைக்காகத் திமிங்கிலச் சாணத்தைச் சேகரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பார்த்தால், அந்த நாட்களின் சாணத்தில் மன அழுத்தச் சுரப்பு குறைந்திருந்தது. நல்ல சான்றுதான். ஆனால் அது திமிங்கிலம், ஆழக்கடல், தாழ்ந்த அதிர்வெண்.

நம் கரைக்கு வரும்போது இந்தக் கடைசிச் சொல்தான் தொல்லை. பெரிய கப்பலின் இரைச்சல் பெரும்பாலும் 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையான முணுமுணுப்பு. டால்பின் கூர்மையாகக் கேட்பது அதற்கு வெகு மேலே, பல்லாயிரம் ஹெர்ட்ஸில். அதனால் 'கப்பலால் டால்பினுக்கு ஒன்றுமில்லை' என்று முன்பு எளிதாகச் சொல்லிவிட்டார்கள். அந்தச் சமாதானத்தை உடைத்தது குமிழி. சுழலும் விசிறியின் பின்புறம் அழுத்தம் குறைந்து நீர்க்குமிழ்கள் பிறந்து, உடனே நசுங்கி வெடிக்கின்றன. அந்த வெடிப்புகளின் ஒலி, கப்பல் அருகில் இருக்கும்போது, ஒரு லட்சம் ஹெர்ட்ஸுக்கும் மேலே எட்டுகிறது. வேகம் கூடினால் குமிழ்கள் கூடும்; வேகத்தைக் குறைத்தால் அடங்கும்.

இங்கே ஆழமின்மை தன் பங்குக்கு ஆட்டத்தை மாற்றுகிறது. பத்து மீட்டர் ஆழத்தில் சேற்றுப் படுகையின் மேல் மிகத் தாழ்ந்த ஒலி நெடுந்தூரம் போகாது, சேறு விழுங்கிவிடும். தூர்வாரி ஆழப்படுத்திய கப்பல் வாய்க்காலைத் தாண்டினால், மேட்டு நீரில் அதிகம் ஒலிப்பது வேக ஃபெர்ரியும் வெளிப்பொறி மாட்டிய ஃபைபர் படகும்தான். அவற்றின் ஒலி உயர்ந்த அதிர்வெண்ணில், டால்பினின் காதுக்கே குறிவைத்தது மாதிரி. கிள்ளானில் குற்றவாளியைத் தேடும்போது எல்லாரும் அடிவானத்துக் கொள்கலன் கப்பலைக் காட்டுகிறோம். நாம் டிக்கெட் வாங்கி ஏறிய படகை யாரும் காட்டுவதில்லை.

சேற்று நீர் இயல்பாகவே அமைதியானது என்றும் நினைக்கவேண்டாம். கெத்தாமில் ஒரு சிறு படகின் அடிப்பலகையில், எஞ்சினை அணைத்தபின், காதை ஒட்டிக் கேட்டிருக்கிறேன். தாளிப்புக் கரண்டியில் கடுகு பொரிவதுபோல ஓயாத படபடப்பு. சதுப்பு வேரடியில் வாழும் சொடுக்கு இறாலின் வேலை அது. பெரிய கொடுக்கைப் படாரென்று மூடி, நீரைப் பீய்ச்சி, ஒரு குமிழை உண்டாக்குகிறது. ஒலி வருவது கொடுக்கு மோதுவதால் அல்ல, அந்தக் குமிழ் நசுங்குவதால் என்று 2000ஆம் ஆண்டில்தான் அதிவேகக் கேமரா வைத்துக் கண்டுபிடித்தார்கள். கப்பல் விசிறிக்கும் விரல்நீள இறாலுக்கும் இரைச்சலின் சூத்திரம் ஒன்றே! நம் டால்பின்கள் இந்தப் பொரியலுக்குள்ளேயே பல ஆயிரம் தலைமுறைகளாகப் பேசிப் பழகியவை.

அப்படியானால் படகு இரைச்சல் அவற்றுக்குப் பெரிதல்லவே என்று கேட்கலாம். 2009இல் வெளிவந்த ஒரு கணக்கு இதற்கு அருமையான பதில் வைத்திருக்கிறது. ஐந்து நாட் வேகத்தில் மெதுவாகப் போகும் சிறு படகு 50 மீட்டருக்குள் வந்தால், இறால் இரைச்சல் மிகுந்த மேற்கு ஆஸ்திரேலிய மேட்டுக்கடலில் டால்பினின் பேச்சு எட்டும் தூரம் 26 விழுக்காடு சுருங்குகிறது. அமைதியான ஆழ்கடலில் பைலட் திமிங்கிலத்துக்கோ 58 விழுக்காடு. எனவே வெளிநாட்டு ஆழ்கடல் எண்களை அப்படியே நம் நீரிணைக்குக் கொண்டுவந்தால் கெடுதியைக் கூட்டிச் சொல்வோம். இரைச்சல் நீர், ஆகவே கவலையில்லை என்றால் குறைத்துச் சொல்வோம். ஏற்கெனவே குறுகிய பேச்சுத் தூரத்தில் கால்பங்கு போவது சின்ன விஷயமல்ல. வேகமெடுத்தால் அது இன்னும் சுருங்கும்.

நம் கரைக்கு நெருங்கிய பாடம் ஹாங்காங். அங்கே வாழ்வதும் அதே கூன்முதுகு டால்பின்தான். 'சீன வெள்ளை டால்பின்' என்று பெயர். 1996இல் விமான எரிபொருள் இறக்கும் தளத்துக்குக் கடலில் பைலிங் அடித்தபோது, தூணைச் சுற்றிக் குழாய் வழியாகக் காற்றுக்குமிழித் திரை எழுப்பினார்கள். மொத்த இரைச்சல் 3 முதல் 5 டெசிபல் குறைந்தது. சில அதிர்வெண்களில் அதைவிட நன்றாக. டால்பின்கள் பகுதியைவிட்டு முற்றாக ஓடவில்லை. ஆனால் பைலிங் நேரத்தில் நீந்தும் வேகம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது, வேலை முடிந்த உடனே எண்ணிக்கை குறைந்திருந்தது. பிறகு அதிவேக ஃபெர்ரிகள் பெருகின, விமான நிலையத்துக்காகக் கடலைத் தூர்த்தார்கள். ஹாங்காங் நீரில் 2003இல் 188 என்று மதிப்பிட்டவை 2018இல் 32 ஆயின. இதில் இரைச்சலின் பங்கு எத்தனை, இடம் போனதன் பங்கு எத்தனை என்று தனித்தனியே பிரிக்க இன்று வழியில்லை. எல்லாம் சேர்ந்தே வந்தன.

கலங்கல் நீருக்கான இன்னொரு ஒப்பீடு கங்கை. அங்குள்ள ஆற்று டால்பின் ஏறக்குறைய குருடு. முழுக்க ஒலியை நம்பி வாழ்வது. இந்திய ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு, கோடையில் ஆற்று நீர் வற்றி மேடாகும்போது படகு இரைச்சலின் பாதிப்பு கூடுகிறது என்றும், அதிகம் ஒலியெழுப்பி ஈடுகட்டுவதில் டால்பினின் உடல் செலவு ஏறுகிறது என்றும் காட்டியது. ஆழமும் இரைச்சலும் சேர்ந்துதான் கணக்கு. கப்பல் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பாதிப்பைச் சொல்லும் அறிக்கையை இனி நான் நம்பமாட்டேன்.

மலேசியாவில் இத்துறைக்குப் பெயர் சொல்லும்படி உழைப்பவர்களில் முன்நிற்பவர் லூயிசா பொன்னம்பலம். 2012இல் அவர் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கிய மாரேசெட் அமைப்பு, கடல் பாலூட்டிகளுக்கென்றே இயங்குவது. லங்காவியில் டால்பின்களைப் பல ஆண்டுகளாகத் துடுப்பு அடையாளம் வைத்துக் கணக்கெடுக்கிறார்கள். அங்குள்ள கூன்முதுகு டால்பின்களின் சீழ்க்கைகளையும் பதிந்து ஆராய்ந்திருக்கிறார்கள். கிள்ளானுக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வடக்கே, பேராக்கின் மாத்தாங் சதுப்பு நீரில் ஐராவதி டால்பின்கள் 700க்கும் மேல் இருக்கலாம் என்று 2021இல் வெளிவந்த மதிப்பீடு பலரை வியக்க வைத்தது. மீன்பிடிப் படகு நெருக்கும் கரை அது. இவ்வளவு டால்பின்கள் கண்ணெதிரே இருந்தும் நாட்டில் பலருக்கு மலேசியாவில் டால்பின் உண்டென்றே தெரியாது. சட்டமோ அவற்றை 1999ஆம் ஆண்டு விதிகளில் 'அழிவுக்குள்ளாகும் மீன்' என்ற தலைப்பின்கீழ் காக்கிறது. பாலூட்டியை மீனாக்கிக் காப்பாற்றுகிறோம்.

மீனவர்கள் எழுப்பும் எதிர்வாதம் நேர்மையானது. 'இழுவைப் படகுக்குப் பின்னால்தானே டால்பின் வருகிறது? சத்தத்துக்குப் பயந்தால் வருமா?' உண்மைதான், வருகின்றன. வலை கலைத்துவிடும் மீனைத் தின்ன வருகின்றன. பிரிக்ஃபீல்ட்ஸில் மோனோரயில் தலைக்குமேல் ஓட, பேருந்து பக்கத்தில் உறும, வாழையிலைக் கடையில் நாமும்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். எதிரே இருப்பவரிடம் 'ரசம்' என்பதைக் கத்திச் சொல்கிறோம். சோறு நன்றாக இருப்பதால் வந்தோம். இரைச்சல் நம்மை ஒன்றும் செய்யவில்லை என்பதற்கு அது சாட்சியாகுமா?

அதேசமயம் வரிசை மாறிவிடக் கூடாது. நம் கரை டால்பின்களைக் கொல்வதில் முதலிடம் வலைக்கு. இரைச்சல் கொல்வது அரிது. உண்ணும் நேரத்தையும் கூப்பிடும் தூரத்தையும் அரிக்கிறது. எதிரொலியை நம்பி வலையைத் தவிர்க்கவேண்டிய விலங்குக்கு இந்த இரண்டும் தனித்தனிச் சங்கதிகள் அல்ல.

தீர்வுகளைப் பற்றி நீட்டி எழுத அவசியமில்லை, தெரிந்தவைதான். பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2014இல் நீரடி இரைச்சலுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டு, 2023இல் திருத்தியது, கட்டாயமில்லை. ஜெர்மனி காற்றாலைப் பைலிங்குக்கு 750 மீட்டர் தொலைவில் 160 டெசிபல் என்று வரம்பு கட்டியது. குமிழித் திரையும் மற்ற கருவிகளும் அதனால்தான் மலிந்தன. வான்கூவர் துறைமுகம் 2017இல் அமைதியான கப்பலுக்குத் துறைமுகக் கட்டணத்தில் தள்ளுபடி அறிவித்தது. அதே ஆண்டு ஒரு நீரிணையில் கப்பல்களை 11 நாட் வேகத்தில் போகச் சொல்லிக் கேட்டுக்கொண்டது. மாலுமிகள் பெரும்பாலோர் கேட்டார்கள், இரைச்சல் இறங்கியது. போர்ட் கிள்ளானில் கப்பல்கள் எப்படியும் வேகம் குறைத்துத்தான் நுழைகின்றன. குறைக்கவேண்டியது சிறு படகுகளின் வேகம்.

அவசரம் வேறொன்றில். வெஸ்ட்போர்ட்ஸ் தன் கொள்ளளவை 14 மில்லியனிலிருந்து 27 மில்லியன் கொள்கலன்களுக்கு உயர்த்தப்போகிறது. கேரித் தீவில் மூன்றாவது துறைமுகம் என்ற பேச்சும் பல ஆண்டுகளாக ஓடுகிறது. ஹாங்காங்கில் இரைச்சலையும் இடஇழப்பையும் பிரிக்க முடியாமல் போனதைச் சொன்னேன். அதைக் கிள்ளானில் தவிர்க்கலாம். கட்டுமானத்துக்கு முன்பே கெத்தாம், கேரி, இண்டா தீவுகளின் ஓரங்களில் பதிவுக் கருவிகளை இறக்கி, இரண்டு பருவக்காற்றுக் காலமாவது கேட்டுவைக்கவேண்டும். இறால் எவ்வளவு, ஃபெர்ரி எவ்வளவு, சொடுக்கொலி எந்த நேரத்தில் என்பது அப்போதுதான் தெரியும். இந்த ஊருக்கு இது புதிய பழக்கமுமல்ல. 1901இல் துறைமுகம் திறந்த கையோடு கூலிகள் மலேரியாவில் விழுந்தபோது, கிள்ளானில் இருந்த மருத்துவர் மால்கம் வாட்சன் நோயாளிகளின் கணக்கை வைத்துக்கொண்டுதான் சதுப்பை வடிக்கச் செய்தார். வடிப்பதற்கு முன்னும் பின்னுமான எண்கள் அவர் கையில் இருந்தன. கொசு ஒழிப்பு வரலாற்றில் கிள்ளான் இடம்பிடித்தது அந்தக் கணக்கால்.

மாலையில் கெத்தாமிலிருந்து திரும்பும் ஃபெர்ரி, கிராமத்து வாய்க்காலில் மிக மெதுவாக நகர்கிறது. இரு பக்கமும் கால்நட்டு நிற்கும் வீடுகள். வேகமெடுத்தால் அலை அடித்துத் தூண்கள் ஆடும், கயிற்றில் காயும் துணி நனையும், திண்ணையிலிருந்து யாராவது திட்டுவார்கள். ஓட்டுநருக்கு அது தெரியும். கடைசி வீட்டின் கடைசித் தூணைக் கடந்ததும் கைப்பிடியை முன்னே தள்ளுகிறார். உள்ளே தொலைக்காட்சியின் சீனப் பாட்டு கேட்காமல் போகிறது; யாரோ எழுந்து போய் ஒலியைக் கூட்டுகிறார்.